தி குயின் ஆஃப் நத்திங்: ஜூட் ஏன் கடிவாளத்தைப் போடவில்லை? (கடைசிப் பக்கம் வரை பேசுகிறோம், இன்னும் படிக்காதவர்கள் கவனம்)

வேப்பம்பூ:

ஹாலி பிளாக் எழுதிய ‘தி ஃபோக் ஆஃப் தி ஏர்’ வரிசையின் மூன்றாவது, கடைசிப் புத்தகத்தைப் பற்றி எங்கே பேசினாலும், எல்ஃபேம் என்ற ஃபேரி (மாய இனத்தார்) நாட்டில் வளரும் மனிதப் பெண் ஜூட், அந்நாட்டு இளவரசன் கார்டன் இருவரின் காதலோடு பேச்சு நின்றுவிடுகிறது. காதல் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இந்த முடிவைத் தாங்கி நிற்பது வேறொன்று என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்த இழை.

இந்தக் கதையில் அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள். எல்லாமே அடுத்தவரைக் கட்டிப்போட்டுப் பெறுவதுதான். ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ புத்தகத்தில் இளவரசன் டெய்ன், ஜூட்டை யாரும் மயக்கி ஏவ முடியாதபடி ஒரு மந்திரப் பாதுகாப்புக் கொடுக்கிறான், தன் ஒருவனைத் தவிர. அந்த ஒரு விலக்கை வைத்தே அவள் கையை அவளே கத்தியால் குத்திக்கொள்ளும்படி செய்கிறான். அந்தப் பாடத்தை ஜூட் மறக்கவில்லை. புத்தகம் முடிவதற்குள், ஓராண்டும் ஒரு நாளும் தன் சொல்லைக் கேட்பதாகக் கார்டனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அவன் எதிர்பாராத நேரத்தில் அவன் தலையில் கிரீடத்தை ஏற வைக்கிறாள். ‘தி விக்கட் கிங்’ முழுக்க அந்தக் கெடு கரைந்துகொண்டே போகிற பதற்றம்தான். ஃபேரிகளுக்குப் பொய் சொல்ல வராது, கொடுத்த வாக்கை மீறவும் முடியாது. மனுஷியான ஜூட்டுக்கோ மந்திரம் கிடையாது. அவளிடம் இருப்பது பொய்யும் வாளும் இப்படிப் பறித்த வாக்குகளும்தான்.

கடைசிப் புத்தகத்தில் அந்தக் கேள்வி முழு உருவத்தோடு வந்து நிற்கிறது. கார்டன் கிரீடத்தை உடைத்து, அதன் சாபத்தால் பெரும் பாம்பாகிவிட்டான். அது ஊர்ந்துபோகிற இடமெல்லாம் மண் கெட்டுப்போகிறது. கொல்லன் கிரிம்ஸன் செய்த பொற்கடிவாளம் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் பாம்பு சாகாது, ஜூட் ஏவியதையெல்லாம் செய்யும். எவ்வளவு பெரிய படை வந்தாலும் அவளை அசைக்க முடியாது. நாடும் அவளுக்கு, அவனும் அவளுக்கு. முதல் புத்தகத்து ஜூட் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்றிருப்பாள். இந்த ஜூட் பாம்பின் தலையை வெட்டுகிறாள். அவன் திரும்பி வருவான் என்று தெரிந்து அல்ல. அவனை இழந்துவிட்டோம் என்ற முடிவோடுதான் வெட்டுகிறாள்.

என்னைப் பொறுத்தவரை கதை அந்த வெட்டோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின் வருவதெல்லாம் வாசகருக்கு வைத்த விருந்து.


மழைக்காகம்:

நல்ல வாசிப்பு, வேப்பம்பூ. ஆனால் நீங்கள் விருந்து என்று சொல்லித் தாண்டிப் போகிற இடத்தில்தான் எனக்குச் சண்டையே.

தலையை வெட்டுகிறாள். கண்ணீர் காய்வதற்குள் பாம்பின் உடலிலிருந்து கார்டன் எழுந்து வந்துவிடுகிறான். முன்பைவிடப் பெரிய அரசனாக. அப்படியென்றால் அவள் கொடுத்தது என்ன? அவள் எடுத்த முடிவின் கனத்தை நானும் உணர்ந்தேன். அந்தக் கனத்தோடு ஒரு அத்தியாயம் என்னை உட்கார விட்டிருக்கலாம். அரியணையில் தனியாக, கொன்ற கையோடு, மறுநாள் காலை எழுந்து அவையை நடத்துகிற ஜூட்டை நான் பார்த்திருக்க வேண்டும். அந்தக் காட்சியைத் தராமலே ஆசிரியர் என்னைச் சமாதானப்படுத்திவிட்டார்.

இன்னொன்று, வேகம். முந்தைய இரண்டையும்விட மெலிந்த புத்தகம் இது. நாடுகடத்தல், ஆள்மாறாட்டம், கடத்தல், பனிப்பாசறை, தப்பித்தல், பட்டம், சாபம், போர் எல்லாம் அதற்குள் அடைபட்டிருக்கின்றன. ‘தி விக்கட் கிங்’ புத்தகத்தில் ஒரு விருந்து மண்டபத்தில் யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதிலேயே மூச்சு முட்டும். இங்கே போர் முடிந்ததே தெரியவில்லை.


நூலகப்பூனை:

இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில்.

வேகம் பற்றி மழைக்காகம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். முதல் புத்தகம் 2018 ஜனவரி, இரண்டாவது 2019 ஜனவரி, மூன்றாவதை 2020 ஜனவரிக்கு அறிவித்துவிட்டு 2019 நவம்பர் 19 அன்றே கொண்டுவந்தார்கள். காத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் பாசறைப் பகுதிக்கும் போருக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது.

உயிர்த்தெழுந்தது மலிவான தந்திரம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஆசிரியர் அதை முதலிலிருந்தே விதைத்து வைத்திருக்கிறார். கார்டன் பிறந்தபோது அவை ஜோதிடர் பாஃபென் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இவனால் கிரீடம் அழியும், அரியணை பாழாகும் என்றார். அதனால்தான் பெற்ற தகப்பனே அவனை ஒதுக்கி வைத்தான். அந்தக் குறியின் மறுபாதி கடைசிப் புத்தகத்தில்தான் தெரிய வருகிறது: அவன் சிந்திய ரத்தத்திலிருந்துதான் ஒரு மாபெரும் அரசர் எழுவார். கேட்டவர்கள் எல்லாரும் அவன் செத்தால் வேறொருவர் எழுவார் என்று எடுத்துக்கொண்டார்கள். அது கார்டனே என்று யாருக்கும் தோன்றவில்லை.

தலையை வெட்டினால் சாபம் தீருவது ஐரோப்பிய நாட்டார் கதைகளில் பழைய சங்கதி. கிரிம் சகோதரர்கள் தொகுத்த ‘பொன் பறவை’ கதையில் கூடவே வந்து உதவிய நரி, கடைசியில் என்னைக் கொன்று தலையையும் கால்களையும் வெட்டு என்று கெஞ்சும். வெட்டியதும் அது மனிதனாகும், இளவரசியின் அண்ணன் என்று தெரியவரும். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் மதாம் டோல்னுவா எழுதிய ‘வெள்ளைப் பூனை’யிலும் இதேதான். பூனை தன் தலையையும் வாலையும் வெட்டச் சொல்லும். ஹாலி பிளாக் அந்த மரபுக்குள் நின்று எழுதுகிறவர். ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறார். அந்தக் கதைகளில் வெட்டு என்று விலங்கே கேட்கும், வெட்டுகிறவர் அதன் சொல்லை நம்பி வெட்டுவார். இங்கே பாம்பு பேசவில்லை. ஜூட்டுக்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை.


மழைக்காகம்:

பூனை நரி இரண்டும் புதிது எனக்கு, நன்றி. மரபு இருக்கிறது என்பதால் காட்சி அவசரம் இல்லை என்றாகிவிடாது, அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.


தறிநாடா:

எல்லாரும் கார்டனையே சுற்றுகிறீர்கள். இந்தப் புத்தகத்தின் உயிர் ஜூட்டின் வளர்ப்புத் தகப்பன் மாடோக் என்பேன்.

முதல் புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு வீட்டுக்குள் நுழைந்து, மூன்று பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அவர்களின் தாயையும் தகப்பனையும் வெட்டிக் கொல்கிறவன். அதே கையோடு அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய், தன் வீட்டில் வைத்து, வாள் பிடிக்கவும் போர்த்தந்திரம் யோசிக்கவும் சொல்லித்தந்து வளர்க்கிறான். மூத்தவள் விவி அவன் ரத்தம். இரட்டையரான ஜூட்டும் டாரினும் அவனுக்கு எந்த உறவும் இல்லை, அவனை விட்டு ஓடிய மனைவி வேறொருவனுக்குப் பெற்றவர்கள். ஆனால் அவனை அச்சாக உரித்து வைத்திருப்பது ஜூட்தான். அவள் போடுகிற ஒவ்வொரு சதியும் அவன் மேசையில் கற்றது. முதல் புத்தகத்தில் அவனுக்கே விஷம் வைக்கிறாள், அந்தத் துணிச்சலும் அவன் கொடுத்ததுதான்.

மாடோக் ஒரு ரெட்கேப். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே உள்ள எல்லைப்புறப் பாழ்கோட்டைகளில் திரிந்து, கொன்றவர்களின் ரத்தத்தில் குல்லாயைத் தோய்க்கும் என்று சொல்லப்பட்ட பூதம் அது. கொல்வது அவன் இயல்பு. அந்த இயல்புக்கும் பிள்ளைப் பாசத்துக்கும் நடுவில் அவன் ஒருமுறைகூடப் பொய் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. கடைசிப் புத்தகத்தில் பனிப்பிரதேசத்தில் அவன் பாசறையில், டாரின் வேடத்தில் இருக்கும் ஜூட்டிடம் அவன் ஜூட்டைப் பற்றிப் பேசுகிற இடங்களைத் திரும்பப் படியுங்கள். கோபமும் பெருமையும் ஒன்றாகக் கலந்து வருகிறது. அதன்பின் அவனே அவளை வாளால் குத்துகிறான்.

இப்படி ஒருவனை என்ன செய்வது? தண்டனையாக மனித உலகத்துக்கு அனுப்பி, இனி ஆயுதம் தொடக்கூடாது என்கிறார்கள். எனக்கு அது சரியான தீர்ப்பு. கொல்லாமல், மன்னிக்காமல், அவன் யாராக இருந்தானோ அதை மட்டும் பிடுங்கிக்கொள்கிறாள் மகள்.


வேப்பம்பூ:

தறிநாடா அண்ணே, இதைத்தான் நான் சொல்ல வந்ததோடு சேர்த்துப் பார்க்கிறேன். மாடோக் தன் மகள்களை அன்பால்தான் வளர்த்தான், ஆனால் அந்த அன்பு அவர்கள் கேட்காமல் தலையில் ஏறிய அன்பு. கடிவாளத்தை ஜூட் போட்டிருந்தால் கார்டனுக்கு அவள் இன்னொரு மாடோக் ஆகியிருப்பாள். உன்னை நேசிக்கிறேன், அதனால் நீ என் பிடியில் இரு என்கிற ஆள். வாளை அவன் கற்றுக்கொடுத்தான். அதை எதற்கு எடுப்பது என்பதில்தான் அவள் அவனைவிட்டுப் பிரிகிறாள்.

கிரீடத்தை உடைக்கும் முன் கார்டன் பேசுகிறதையும் இதோடு வையுங்கள். விசுவாசத்தையோ அன்பையோ கட்டாயப்படுத்தி வாங்கக்கூடாது என்ற பொருளில்தான் சொல்கிறான். அந்த உடைப்பில் சிற்றவைகள் (எல்ஃபேமுக்கு அடங்கிய சிறு அரசுகள்) எல்லாம் தாங்கள் செய்த சத்தியத்திலிருந்து விடுபடுகின்றன. விருப்பம் இருந்தால் என் பக்கம் வாருங்கள் என்று விட்டுவிடுகிறான். பாம்பான பின் அதே விடுதலையை அவனுக்குக் கொடுக்க முடிகிற ஒரே ஆள் ஜூட். கொடுக்கிறாள்.


கடலோடி:

எனக்கு இந்தக் காதலே ஒட்டவில்லை, சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகள் இந்தப் புத்தகங்களுக்கு அடிமை, அவளுக்காகத்தான் மூன்றையும் படித்தேன். முதல் புத்தகத்தில் கார்டனும் கூட்டாளிகளும் ஜூட்டைப் பள்ளியில் படுத்துகிறபாடு சாதாரணமா? ஆற்றில் தள்ளுகிறார்கள், மனிதர்களைப் புத்தி பேதலிக்க வைக்கும் பழத்தை வலுக்கட்டாயமாக வாயில் திணிக்கிறார்கள். அப்படிப்பட்டவனுக்கு அவனுடைய அண்ணன் அடித்தான், அம்மா கவனிக்கவில்லை என்று ஒரு துக்கக் கதை சொன்னால் ஆயிற்றா? பதினாறு வயதுப் பெண் இதைப் படித்துவிட்டு, தன்னை இழிவுபடுத்துகிறவனுக்குள் நல்லவன் ஒருவன் ஒளிந்திருக்கிறான் என்று தேட ஆரம்பித்தால்?


வேப்பம்பூ:

அக்கா மகளோடு உட்கார்ந்து நீங்களும் படித்தீர்களே, அதுவே பெரிய விஷயம். உங்கள் பயம் நியாயமானது. முதல் புத்தகத்தை நானும் யாருக்கும் காதல் கதை என்று கொடுக்க மாட்டேன். அதில் இருப்பது வெறுப்பும் அச்சமும்தான், பாதிக்கு மேல்.

ஜூட் காத்திருந்து அவனைத் திருத்தவில்லை என்பது எனக்கு முக்கியம். அவன் மாறட்டும் என்று அவள் ஒரு நாளும் பொறுத்துப் போகவில்லை. திருப்பி அடிக்கிறாள், கத்தியைக் கழுத்தில் வைக்கிறாள், அவனுக்கு மேலே ஏறி நிற்கிறாள். இரண்டாம் புத்தகத்தில் அவனை ஏவி ஆட்டிவைக்கிறவள் அவள்தான். அங்கே அவளுடைய கொடுமையையும் ஆசிரியர் மறைக்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி அடுத்தவர் கையில் அகப்பட்டுத் தவித்த பிறகுதான் மூன்றாவது புத்தகத்தில் சமமாக நிற்கிறார்கள்.


நூலகப்பூனை:

கடலோடி கேட்டது விலக்கிவிடக் கூடாத கேள்வி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அவன் மன்னிப்புக் கேட்பதைச் செய்கையில் காட்ட ஆசிரியர் ஒரு வழி வைத்திருக்கிறார்: நாடுகடத்தல். இரண்டாம் புத்தகத்தின் முடிவில் ஜூட்டை ரகசியமாக மணந்து அரசியாக்கிவிட்டு, அதே சூட்டில் எல்லார் முன்னாலும் மனித உலகத்துக்குத் துரத்துகிறான். கிரீடம் மன்னிக்கும் வரை திரும்பக்கூடாது என்கிறான். ஆனால் அவள்தான் அரசி ஆயிற்றே, அவளும் கிரீடம்தானே. நினைத்த நொடியில் தன்னைத் தானே மன்னித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கலாம். பொய் சொல்ல முடியாதவன் வைத்த புதிர் அது. அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று நம்பி அவன் காத்திருக்க, அவள் துரோகம் என்று எண்ணி விவியின் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். அவன் எழுதிய கடிதங்களையோ அவன் தாய் லேடி ஆஷா வழியிலேயே நிறுத்திவிட்டாள்.


மழைக்காகம்:

அந்தப் புதிர் எனக்கு மிகவும் பிடித்த இடம். அவள் யாரையும் நம்பாதவள், தன்னையே அரசியாக நம்பவில்லை. புத்தகத் தலைப்பே ‘ஒன்றுமில்லாததன் அரசி’ என்பதுதானே. மாடோக் குத்திப் போட்டுவிட்டுப் போன பிறகு, பனியில் ரத்தம் வடியக் கிடக்கும்போது நிலமே அவள் காயத்தை ஆற்றுகிறது. பட்டம் உண்மையிலேயே தன்னுடையது என்று அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. சடங்கோ அவையோ இல்லாமல் மண் ஒப்புக்கொள்கிற அந்தக் காட்சியை நிதானமாக எழுதியிருக்கிறார். அதே நிதானத்தைத்தான் கடைசி அத்தியாயங்களிலும் கேட்கிறேன்.


கார்காலம்:

நான் எடின்பரோவில் இருக்கிறேன். இந்த முடிவைப் படித்தபோது எனக்கு இங்கே பாடுகிற ‘டாம் லின்’ பாட்டுதான் ஓடியது, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

செல்கெர்க் பக்கத்தில், எட்ரிக்கும் யாரோவும் கூடுகிற இடத்தில் கார்டர்ஹா என்ற காடு. அங்கே ஃபேரி ராணி பிடித்து வைத்திருக்கும் மனிதன் டாம் லின். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஃபேரிகள் நரகத்துக்கு ஒரு உயிரைக் கப்பமாகக் கொடுக்க வேண்டும், இந்த முறை தன்னைத்தான் கொடுப்பார்களோ என்று அவனுக்குப் பயம். அவன் பிள்ளையைச் சுமக்கும் ஜேனட், ஹாலோவீன் நள்ளிரவில் குதிரை ஊர்வலத்தை மறித்து அவனை இழுத்துத் தழுவிக்கொள்கிறாள். ராணி அவனைப் பாம்பாக, சிங்கமாக, பழுக்கக் காய்ச்சிய இரும்பாக மாற்றிக்கொண்டே போகிறாள். ஜேனட் கையை விடுவதே இல்லை. விடாமல் பிடித்ததால்தான் ஜெயிக்கிறாள். 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பேர்ன்ஸ் கொடுத்த வடிவம்தான் பெரும்பாலும் எல்லாரும் அறிந்தது.

ஹாலி பிளாக்குக்கு இந்தக் கதைகள் கரைத்துக் குடித்த பாடம். 2002இல் வந்த அவருடைய முதல் நாவல் ‘டைத்’ அந்தக் கப்பத்தின் பெயரையே தாங்கியது. அதில் வந்த ரொய்பென் இந்த வரிசையிலும் சிற்றவை அரசனாக வந்துபோகிறான். அப்படியிருக்க, காதலன் பாம்பாக மாறியதும் நாயகி இறுகப் பிடித்துக்கொள்வாள் என்றுதான் பாட்டு தெரிந்தவர்கள் எதிர்பார்ப்பார்கள். பிடித்துக்கொள்ளக் கடிவாளமும் கையிலேயே இருக்கிறது. ஜேனட்டின் பிடியில் காதல் இருந்தது, இந்தக் கடிவாளத்தின் பிடியில் அடிமைத்தனம் இருக்கிறது. அதனால் ஜூட் ஜேனட் செய்ததற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியதாகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது.


வேப்பம்பூ:

கார்காலம், இதை நான் யோசித்திருக்கவே இல்லை. மிக்க நன்றி. இழை ஆரம்பித்ததற்கு இது ஒன்றே போதும்.


கடலோடி:

சரி, ஒரு கேள்வி. டாரினை எப்படி விட்டார்கள்? முதல் புத்தகத்தில், பின்னால் தன் புருஷனான லாக்குக்காகக் கூடப்பிறந்தவளையே ஏமாற்றினாள். இரண்டாவதில் அப்பா பக்கம் சாய்ந்தாள். மூன்றாவதில் புருஷனைக் கொன்றுவிட்டு வந்து, எனக்குப் பதில் நீ போய் விசாரணையில் நில் என்கிறாள். ஜூட்டும் போகிறாள்!


தறிநாடா:

டாரின் எனக்கும் ஒட்டாதவள்தான், ஆனால் அவள் வந்து நின்ற காரணம் வலுவானது. அவளை மயக்கி உண்மையைக் கக்க வைக்கலாம். ஜூட்டை முடியாது, டெய்ன் கொடுத்த பாதுகாப்பு அவன் செத்த பிறகும் நிற்கிறது. ஜூட் போனதும் உடன்பிறந்த பாசத்தால் மட்டும் அல்ல. எல்ஃபேமுக்குத் திரும்ப ஒரு வழி கிடைத்தது. அவள் நாடு அது. மனித உலகத்தில் சில்லறை வேலை செய்துகொண்டு அவள் வாடுவதைப் பார்த்தோமே.

டாரினை மன்னித்த வேகம் எனக்கும் குறையாகத்தான் பட்டது. அவளுக்கு என்று ஒரு முழு உரையாடல் வைத்திருக்கலாம். அவள் கதையைத் தனியாகச் சொன்ன ‘தி லாஸ்ட் சிஸ்டர்ஸ்’ குறுநாவலைப் படித்தால் கொஞ்சம் புரியும், கோபம் முழுசாகத் தணியாது.


மழைக்காகம்:

அடுத்து எதைப் படிப்பது? எல்ஃபேமை விட்டு வெளியே வர மனமில்லை.


நூலகப்பூனை:

2020இல் வந்த, ரொவினா காய் படம் வரைந்த ‘ஹௌ தி கிங் ஆஃப் எல்ஃபேம் லேர்ன்ட் டு ஹேட் ஸ்டோரீஸ்’ முதலில். சின்னப் புத்தகம், கார்டனின் பிள்ளைப்பருவம் அதில் இருக்கிறது. கடலோடிக்கும் அதைத்தான் சொல்வேன், கார்டன்மேல் உள்ள கோபத்தோடேயே படியுங்கள்.

அப்புறம் 2023இல் வந்த ‘தி ஸ்டோலன் எய்ர்’, 2024இல் வந்த ‘தி பிரிசனர்ஸ் த்ரோன்’. எட்டு ஆண்டுகள் கழித்து நடக்கிற கதை. ஜூட்டின் வளர்ப்புத் தம்பி ஓக்குக்குப் பதினேழு வயதாகிவிட்டது. கடைசிப் புத்தகத்தில் பெற்றவர்களாலேயே வதைபட்ட அந்தச் சிறுமி சுரென்தான் முதல் பாகத்தைச் சொல்கிறாள். மாடோக்கும் உண்டு, தறிநாடா சந்தோஷப்படலாம். வேப்பம்பூ அவசியம் படிக்க வேண்டும், ஜூட் போடாமல் விட்ட அதே கடிவாளம் அங்கே ஓக்கின் மூட்டையில் இருக்கிறது. யார்மேல் விழுகிறது என்பதை நீங்கள் படித்துவிட்டு வாருங்கள், அதற்குத் தனி இழை போடுவோம்.